பதினொரு தடவை மாற்றிய வாஷர்

என் கட்டெறும்புக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். இப்படி எழுதினால்தான் கடிதம் ஆரம்பிக்கும் என்பதால் எழுதிவிட்டேன். சுகம் என்றால் என்ன, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை போட்டுக்கொள்கிறேன், காலையில் எழுந்ததும் டீக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறேன். அப்பா போய் ஐந்து மாதம் ஆகியும் என் கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, பிள்ளைக்குச் சளி விட்டதா, நாள் முழுக்க லேபில் நின்று உனக்குக் கால் வீங்குகிறது என்றாயே, சாயங்காலம் காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படு. அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று இந்தக் கடிதத்திலும் எழுதி அழுதிருக்கிறாய். லீவு தராதது அவர்கள் குற்றம், உன் குற்றம் இல்லை, இனி அதை எழுதாதே. போனில் பேசினால் நீயும் அழுது நானும் அழுது, பேச வந்ததைப் பேசாமலே வைத்துவிடுகிறோம், அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பின பட்டியல் வந்தது. உன் ஊர்ச் சபையில் உன்னை மூப்பராக இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பா பதினெட்டு வருஷம் மூப்பராக இருந்தவர், அவருக்கு என்னென்ன குணம் இருந்தது என்று தெரிந்தால் எனக்கு இது சரிவருமா வராதா என்று தெரிந்துவிடும் என்று எழுதி, நல்ல சபைத் தலைவருக்கு இருக்க வேண்டிய குணம் பன்னிரண்டை வரிசையாக அடித்து, பக்கத்தில் கட்டம் போட்டு, டிக் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். லேபில் ரத்தம் பார்க்கிற புத்தி உனக்கு. எது எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் மனுஷனைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறாய். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டம், கோபப்படாதவர். அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயோடு உன் அப்பா பேசின பேச்சு உனக்கே தெரியும், அதைத் தாண்டிப் போனேன். இரண்டாவது, நன்றாகப் போதிக்கிறவர். ஒரே ஒரு தடவை பிரசங்க மேடையில் ஏறினார், நாலு நிமிஷம் பேசினார், அதில் ஒரு நிமிஷம் கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அதையும் தாண்டினேன். குடும்பத்தை நன்றாக நடத்துகிறவர் என்று ஒன்று இருந்தது. நடத்தினது யார் என்று உனக்குத் தெரியும், அந்தக் கட்டத்தில் எனக்கே ஒரு டிக் போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

சபைத் தலைவரைப் பற்றி நீ என்னிடம் கேட்டது நல்ல சமயம். இரண்டு பேர் ஒரு மாதமாக என் வீட்டுக்கு வந்து வந்து அதைத்தான் எனக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவின் இடம் காலியாக இருக்கிறதல்லவா, அதற்கு உன் சித்தப்பாவும், கல்யாணப் படம் எடுக்கிற நம் ஸ்டுடியோக்காரரும் நின்றார்கள். சந்திப்புப் புத்தகம் உனக்கு ஞாபகம் இருக்கும், துக்க வீடு, நோயாளி வீடு என்று போய் ஜெபம் பண்ணினால் தேதி போட்டு எழுதி வைப்பார்களே, அதுதான். நீ போன பிறகு அதில் ஒரு புது ஏற்பாடு வந்தது. போகாமலே போனதாக யாரோ எழுதிவிட்டார்களாம், அதனால் இப்போது போகிற வீட்டில் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யார் எத்தனை வீடு போனார் என்று எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். அப்புறம் என்ன, சபையில் என்னைவிடப் புது விதவை யாரும் இல்லை, எனக்கு வந்த கிராக்கியைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் ஒருவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார், துக்கம் கொஞ்சம் ஆறி நான் துணி துவைக்கப் போனால் அடுத்தவர் வந்து மறுபடியும் ஆறுதல் சொல்லி அழ வைப்பார். பிஸ்கட் பொட்டலம் மட்டும் பதினேழு சேர்ந்துவிட்டது, கீழ் வீட்டுப் பிள்ளைகள் என் துக்கத்தில் நன்றாகச் சதை போட்டிருக்கின்றன.

ஸ்டுடியோக்காரர் வந்தால் முதலில் ஜன்னலைத் திறப்பார், வெளிச்சம் வேண்டுமே. அக்கா நீங்க இப்படித் திரும்பி உக்காருங்க, தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, அழணும்னா அழுங்க, அடக்காதீங்க என்பார். கூட வருகிறவர் படம் எடுப்பார், இவர் என் தலைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார், படம் சரியாக விழுந்ததா என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பார். உன் சித்தப்பாவுக்குப் படம் கிடம் கிடையாது, அவருடையது நீளம். பஸ் டிப்போவில் அதிகாரியாக இருந்தவரல்லவா, ஆண்டவருக்கு அறிக்கை கொடுப்பது போல ஜெபம் பண்ணுவார். அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குப் போனார், யார் யார் வந்திருந்தார்கள், தானே முன்னால் நின்று என்னென்ன ஏற்பாடு செய்தார் என்று ஆண்டவருக்கே தெரியாத சேதியெல்லாம் அந்த ஜெபத்தில் இருக்கும். ஆமென் சொன்ன கையோடு, அண்ணி அந்தச் சீட்டு என்பார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கிற வரைக்கும் இருவருமே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஸ்டுடியோக்காரர் பொறுக்க முடியாமல், அக்கா கைநாட்டு வெச்சாக்கூடப் போதும்க்கா என்று மைப் பெட்டியை நீட்டினார். இல்ல தம்பி, எனக்குப் பேர் எழுதத் தெரியும், நீங்க உக்காருங்க என்று இன்னும் மெதுவாக எழுதினேன். அவர்களை எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவசரம் அவர்களுக்கு, எனக்கு இனிமேல் என்ன அவசரம்.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன், ஆனால் போன மாதம் புத்தகத்தைப் படித்த ஞாயிற்றுக்கிழமை என்னால் சிரிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, செயலாளர் எழுந்து வரிசையாகப் படித்தார். ஸ்டுடியோக்காரர் எழுபத்து நாலு. உன் சித்தப்பா அறுபத்து ஒன்று. பிறகு, மறைந்த நம் மூப்பர், கடைசி வருஷம் என்று உன் அப்பாவைச் சொல்லி, பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நாலு என்றார். நாலு வீடு. ஒரு வருஷம் முழுக்க நாலே வீடு. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு முன் வரிசையில் இருந்தவர்களின் பிடரி எல்லாம் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஸ்டுடியோக்காரர் எழுந்து, போனவங்களப் பத்திப் பேசக் கூடாது, அவரு எனக்கும் அண்ணன் மாதிரிதான், ஆனா இனிமேலாவது சபைக்கு உழைக்கிற மூப்பர் வேணுமா வேணாமான்னு நீங்களே யோசிங்க என்றார். உன் சித்தப்பா தன் கூடப் பிறந்தவருக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன், அவர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட உன் அப்பா மேல்தான் அதிகம் வந்தது. தினமும் வேலை முடிந்தும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தானே வந்தார், சபை வேலை என்றுதானே நானும் சூடு பண்ணிச் சூடு பண்ணிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு இருந்தேன். நாலு வீட்டுக்கா அத்தனை சாயங்காலம்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய வேலைப் பையைத் திறந்தேன், அவர் போனதிலிருந்து தொடாமல் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருந்தது. ஸ்பேனருக்கு அடியில் அந்தப் பழைய நோட்டு இருந்தது. எந்த வீட்டில் என்ன வேலை பார்த்தார், என்ன சாமான் மாட்டினார் என்று எழுதி வைப்பாரே, அதுதான். ஆட்களின் பெயரை அவர் எப்போதும் எழுதமாட்டார், கதவைத்தான் எழுதுவார். இரும்பு கேட், பைப் உடைப்பு. மாடி வீடு, தொட்டி நிரம்பி வழிகிறது. இப்படியே போகிறது. நடுவில் பச்சைக் கதவு, வாஷர் என்று ஒரு வரி. பத்து நாள் கழித்து மறுபடியும் பச்சைக் கதவு, வாஷர். அடுத்த பக்கத்திலும் அதே. விரலை வைத்து எண்ணினேன், ஒரே வருஷத்தில் அதே பச்சைக் கதவு வீட்டில் பதினொரு தடவை வாஷர் மாற்றியிருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை செய்த ஆள், ஒரு வாஷரை ஒழுங்காக மாட்டத் தெரியாமலா பதினொரு தடவை போனார். இந்த மாதிரி நினைத்துப் பார்க்காதே என்று மனசுக்குச் சொன்னாலும் கேட்கிறதா, அறுபத்திரண்டு வயசில் இந்த மனுஷனுக்கு ஏதாவது கிறுக்குப் பிடித்ததா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன். மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, சண்டைக்குப் போவது போலவே போனேன்.

பச்சைக் கதவைத் திறந்தவர் நம் சபை அம்மாதான். யார் என்று கேட்காதே, அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்றும் கேட்காதே, அவர் எனக்குச் சொன்னார், உனக்கு நான் சொல்லமாட்டேன், தெருவுக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பம் தலை நிமிர முடியாத கஷ்டம் என்பது மட்டும் உனக்குப் போதும். நோட்டைக் காட்டினதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எங்க வீட்டுக் குழாய்க்கு ஒரு சீக்கும் இல்லம்மா என்றார். மூப்பரா வந்தா தெருவே எட்டிப் பார்க்கும், அந்த வீட்டுல என்னமோ நடந்திருக்குன்னு ஆரம்பிச்சிடும், குழாய்க்காரர் வந்தா யார் பார்க்கப் போறா, அதான் பையைத் தூக்கிட்டு வருவாரு, குழாயைக் கழட்டித் தரையில பரப்பிட்டு உக்காருவாரு, நான் பேசறத எல்லாம் பேசி முடிச்சதும் மாட்டிட்டுப் போயிடுவாரு என்றார். ஜெபம் பண்ணுவாரா என்று கேட்டேன், சபை ஆள் அல்லவா நானும், கேட்காமல் இருக்க முடியவில்லை. பண்ணுவாரு, ரெண்டு வார்த்தை, குழாயைப் பார்த்துக்கிட்டே, நான் அழறதப் பார்க்காத மாதிரி என்றார். ஒரு தடவ திரும்ப மாட்டறப்ப எசகுபிசகா மாட்டிட்டாரு, நிஜமாவே ஒழுக ஆரம்பிச்சிடுச்சு, நான் சொல்லவே இல்ல, அவரு மறுபடி வர ஒரு காரணம் இருக்கட்டும்னு வாளிய வெச்சுட்டுக் கம்முனு இருந்துட்டேன் என்றார். நோட்டில் இருந்த மற்றக் கதவுகளையும் பார்த்தேன், ஒரே வாஷர் திரும்பத் திரும்ப மாற்றின வீடு இன்னும் ஏழெட்டு இருந்தது. அந்தக் கதவுகளை எல்லாம் நான் தட்டப் போகவில்லை.

நேத்து நடந்தத நானும் கேட்டுட்டுதான் இருந்தேன், வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சுச் சொல்லிடறேன், எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, கட்டெறும்பே. அந்த நாலை அழித்துவிட வேண்டும், அந்தப் பிடரிகள் எல்லாம் திரும்பி வெட்கப்பட வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேணாம்மா என்று சொல்லிவிட்டேன். இல்லாத ஒழுகலுக்கு அந்த மனுஷன் பதினொரு தடவ குழாயக் கழட்டினது இது வெளிய வரக் கூடாதுன்னுதான், அத நீங்களே எந்திரிச்சுச் சொன்னா அவரு பட்ட பாடெல்லாம் என்னத்துக்கு ஆச்சு என்றேன். வாசல் வரை வந்த பிறகு, திரும்பிப் போய்ச் சரி சொல்லுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை நின்றேன். அப்புறம் நடந்துவிட்டேன்.

நடுவில் வியாழக்கிழமை உன் சித்தப்பா வந்தார். அன்றைக்குச் சீட்டு கொண்டுவரவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. அப்பா நாற்காலியில் உட்காராமல் கீழே உட்கார்ந்து, அண்ணன் எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தப்ப விட்டுட்டு விட்டுட்டுப் பிடிப்பான் அண்ணி, அன்னிக்கு சபையில நான் அவனப் பிடிக்கலயே என்று சின்னப் பிள்ளை போல அழுதார். ஒரு மாதமாக ஒன்பது தடவை வந்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தார் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள், செருப்பை மாட்டிக்கொண்டே, சீட்டெல்லாம் வேணாம் அண்ணி, ஆனா நான் வந்து இப்படி உக்காந்திருந்தேன்னு போதகர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வையுங்க என்றார். என்ன செய்வது, உன் அப்பாவோடு கூடப் பிறந்தவர், மிச்சம் இருப்பவரும் இவர்தான். டீ குடிக்காமல் போக வேண்டாம் என்று திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோக்காரர் ஜெயித்துவிட்டார். நானும் பச்சைக் கதவு அம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினோம். புத்தகத்தில் அப்பா பெயருக்கு நேரே நாலு என்று இருப்பது இனி அப்படியேதான் இருக்கும்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். உண்மை பேசுகிறவர் என்ற ஒன்பதாவது கட்டத்தில்தான் பெரிய சிக்கல், மாற்றாத வாஷரை மாற்றினேன் என்று இத்தனை தடவை கைப்பட எழுதி வைத்திருக்கிற ஆளுக்கு நான் எப்படி டிக் போடுவது. அதனால் ஒன்றிலும் போடாமல் பட்டியலை அப்படியே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூப்பர் பொறுப்பை எடு என்றோ எடுக்காதே என்றோ நான் சொல்லமாட்டேன், நான் யார் சொல்ல. ஒன்று மட்டும் யோசித்துப் பார், அவர்கள் உன்னைக் கேட்பதற்கு முந்தின மாதம் நீ யார் வீட்டுக்காவது போனாயா. போயிருந்தால், நீ பார்க்கிற வேலைக்கு அவர்கள் ஒரு நாற்காலி போடுகிறார்கள், உட்கார்ந்தாலும் சரி, நின்றுகொண்டே பார்த்தாலும் சரி. போகவில்லை என்றால் நாற்காலி கிடைத்த பிறகு கால் நடக்கும் என்று நம்பாதே, நாற்காலி கிடைத்தால் கால் உட்காரத்தான் பார்க்கும். உனக்கு வாஷர் மாட்டத் தெரியாது என்று கவலைப்படாதே, உன்னிடம் சர்க்கரை பார்க்கிற அந்தச் சின்ன மிஷின் இருக்கிறதே, சர்க்கரை பார்க்க வந்திருக்கிறாள் என்றால் எந்தத் தெருவும் எட்டிப் பார்க்காது. புத்தகத்தில் எழுத வேண்டும் என்று கை அரித்தால் எழுதிக்கொள், பெயரை எழுதாதே, கதவை எழுது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, மாப்பிள்ளையிடம்கூடப் பச்சைக் கதவு என்று சொல்ல வேண்டாம். பிள்ளைக்குக் குளிர் காற்று படாமல் பார்த்துக்கொள். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் கை தொடுகிற நோயாளிகளையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாராக. மாதக் கடைசி என்றாயே, என் பதிலுக்காகக் காத்திருந்து தேதியைக் கோட்டைவிட்டுவிடாதே.

என்றும் உன்னை நினைத்து ஜெபிக்கிற,
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். கவரை ஒட்டுவதற்கு முன்னால் நோட்டை இன்னொரு தடவை புரட்டினேன். நீலக் கதவு, வாஷர் என்று ஆறு இடத்தில் இருக்கிறது. நம் தெருவில் நீலக் கதவு நம்முடையது ஒன்றுதான். முதல் தேதி நீ விமானம் ஏறின மறுநாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அன்றைக்குச் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கையில் டார்ச்சைக் கொடுத்து இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்தார், நான் உன்னைப் பற்றியே பேசிப் பேசி அழுதேன், ஒரு குழாய்க்கு இவ்வளவு நேரமா என்று அவரைத் திட்டவும் செய்தேன். கடைசித் தேதி அவர் போவதற்கு ஒன்பது நாள் முன்னால், அன்றைக்கு ஸ்பேனரை என்னிடமே கொடுத்து, நீயே மாட்டு, நான் பாக்கறேன் என்றார். நேற்றிலிருந்து அந்தக் குழாய் சொட்டுகிறது, புது மூப்பர் பார்த்துவிட்டு ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நீ இந்த வீட்டில் வளர்ந்தவள், அவரையும் அறிந்தவள், உன்னைத்தான் கேட்க முடியும். அந்த ஆறு தடவையும் நம் வீட்டுக் குழாய் நிஜமாகவே ஒழுகியதா, இல்லை, அவர் என்னைப் பார்க்க வந்தாரா?